பேசியது பேசியபடி

"வாக்கிடாக்கியில் நடைபெறும் ஒவ்வொரு உரையாடலும், பேசியவர், கேட்டவர், நேரம் ஆகிய விவரங்களுடன், பேசியது பேசியபடி பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். அடித்தலும் திருத்தலும் கூடாது." நடைமுறைக் கையேடு, நான்காம் பகுதி, ஏழாவது விதி.

இந்த விதியை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியவன் நான். தரச்சான்று கொடுக்க வந்தவர்கள், தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் கையேடு இருக்க வேண்டும் என்றார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். அச்சடித்து ஒவ்வோர் அறையிலும் ஆணியில் தொங்கவிட்டோம். சான்றிதழ் வந்தது. அதன்பிறகு கையேட்டை யாரும் தொடவில்லை. தொடுவார்கள் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கண்டெய்னர் யார்டில் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவர் ஒருவர்தான். படித்ததோடு நிற்காமல் அதன்படி நடக்கவும் செய்தார். அவருக்கு நேர்ந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

கட்டுப்பாட்டு அறையில் பதிவு எழுத்தர். ஒப்பந்த ஊழியர், ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வயது நாற்பதுக்குப் பக்கம். கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் கப்பலுக்குப் போனவர், போனதோடு சரி. பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். காலையில் வந்ததும் பையிலிருந்து இரண்டு நீலப் பேனாக்களையும் ஒரு மர ஸ்கேலையும் எடுத்து மேசையில் வைப்பார். பதிவேட்டில் அன்றைய பக்கத்தின் தலையில் கடுகளவு ஒரு சிலுவை போடுவார். பிறகு கோடு இழுப்பார். தணிக்கைக்கு வந்த ஒருவர் அந்தச் சிலுவையைச் சுட்டிக்காட்டி, இது என்ன குறியீடு, கையேட்டில் இல்லையே என்று என்னைக் கேட்டார். "பக்கம் தொடங்கியதற்கான அடையாளம்" என்றேன். குறித்துக்கொண்டு போனார்.

யார்டில் எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. கிரேன் ஓட்டுபவர், வண்டி எண்ணைச் சரிபார்க்கும் செக்கர், கேட்டில் நிற்பவர், மாடியில் கண்ணாடி அறையில் இருக்கும் மேலாளர் என்று யார் பேசினாலும் அத்தனை பேர் தோளிலும் ஒலிக்கும். மேலாளர் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். நேரில் அவரைப் போல மரியாதையான மனிதரைப் பார்க்க முடியாது. நாற்காலி போடச் சொல்வார், பிள்ளைகள் படிப்பை விசாரிப்பார், குரல் உயராது. வாக்கிடாக்கியின் பொத்தானை அழுத்திவிட்டால் ஆள் வேறு.

"ஏலே மூணாம் நம்பர், கண்ணு பிடரியிலயாலே இருக்கு? எருமமாடே, அந்தப் பெட்டிய எங்கன வைக்கச் சொன்னேன்?"

"ரோஜர் சார்."

சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு 'ரோஜர்' சொல்ல வேண்டும். அது கையேட்டின் ஆறாவது விதி. ஆகவே திட்டு வாங்கியவன், வாங்கியதற்கு ரசீது கொடுப்பதுபோல, அத்தனை பேரும் கேட்க 'ரோஜர்' என்றாக வேண்டும். சொல்லாவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை. அலுவலக நிர்வாகம் என் பொறுப்பு; மெமோ தட்டச்சு செய்வதும் என் வேலை.

"தனியா கூப்பிட்டுத் திட்டினா ஒருத்தன்தான் திருந்துவான் சார். இப்பிடித் திட்டினா யார்டே திருந்தும்" என்று மேலாளர் ஒருமுறை என்னிடம் விளக்கினார். மணிக்கு எத்தனை பெட்டி தூக்கினோம் என்பதுதான் எங்கள் ஒரே மதிப்பீடு. அந்தக் கணக்கில் நாங்கள் கம்பெனியின் எல்லா யார்டுகளையும் முந்தினோம். சென்னையிலிருந்து கேடயம் வந்தது. கண்ணாடி அறையில் வைத்தோம்.

பதிவேட்டில் வாரம் ஒருமுறை நான் மேலொப்பமிட வேண்டும். பல மாதங்கள் படிக்காமலே ஒப்பமிட்டேன். ஒருநாள் பேனாவில் மை வராமல் உதறிக்கொண்டிருந்தபோது கண் தற்செயலாகப் பக்கத்தில் விழுந்தது.

"10.42. மேலாளர், கிரேன் மூன்றுக்கு: கண்ணு பிடரியிலயாலே இருக்கு? எருமமாடே. கிரேன் மூன்று: ரோஜர் சார்."

முத்து முத்தான கையெழுத்து. எருமமாட்டுக்குப் பின்னால் முற்றுப்புள்ளிகூட இருந்தது. பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். எட்டு மாதத்துத் திட்டுகளும் நேரவாரியாக, கோடு போட்டு, என் மேலொப்பத்துடன் இருந்தன.

அவரை அழைத்தேன். "ஏம்மா, இதையெல்லாமா எழுதுவாங்க? 'அறிவுரை வழங்கப்பட்டது'ன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுதே."

"பேசியது பேசியபடின்னுல்லா சார் போட்டிருக்கு?"

"அது வேலை சம்பந்தமான பேச்சு."

"இதுதான் சார் இங்க வேலை சம்பந்தமான பேச்சு" என்றார். கிண்டல் இல்லை. எனக்குத் தெரியாததை எனக்குச் சொல்லும் தொனி. "அறிவுரைன்னு நான் எழுதிட்டேன்னா, அந்தாளு காதுல என்ன விழுந்துச்சுன்னு நாளைக்கு யாருக்கு சார் தெரியும்?"

தமிழில் 'பேசியது பேசியபடி' என்று எழுதியவன் நான். ஆங்கிலத்தில் 'சுருக்கமாக' என்று இருந்திருந்தால் சுருக்கமாக என்று எழுதியிருப்பேன். ஒப்பமிட்டேன்.

ஆட்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. டீ வரும் நேரத்தில் கட்டுப்பாட்டு அறை ஜன்னலில் தலைகள் எட்டிப் பார்க்கும்.

"எக்கா, நேத்து என்னைய எருமைன்னாரா, கழுதைன்னாரா? இவன் கழுதைங்கான்."

ஸ்கேலை வரிமேல் வைத்து இறக்கிக்கொண்டே வருவார். "ஒனக்குப் பத்து நாப்பத்திரண்டுக்கு எருமை. கழுதை மத்தியானம். அது செக்கருக்கு."

"பாத்தியாலே, நான் சொன்னேம்லா! எக்கா, எழுதிட்டியள்ல?"

"எழுதியாச்சு. போ, டீ ஆறுது."

அவர்கள் சிரித்தபடி போவார்கள். அது எனக்கு அப்போது விளங்கவில்லை. திட்டு காற்றில் போய்விடாமல் எங்கோ ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு நேரமும் பக்கமும் உண்டு என்பதில் அவர்களுக்கு ஏதோ நிம்மதி இருந்திருக்க வேண்டும். ஒருமுறை ஒரு கிரேன்காரர், மேலாளர் இரண்டு வருஷத்தில் யாரையாவது பாராட்டியிருக்கிறாரா என்று தேடித் தரச் சொன்னார். இவரும் சாப்பாட்டு நேரத்தைச் செலவழித்துத் தேடினார். ஒரே ஓர் இடத்தில் "ரொம்ப நல்லது" என்று இருந்தது. மேலாளர் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்து செல்போனில் யாரோ மேலதிகாரியிடம் பேசியது அது. அதையும் பேசியபடி எழுதியிருந்தார்.

எழுத்தருக்கும் திட்டு விழுந்தது. "கண்ட்ரோல், தூங்குதியா? கூறுகெட்ட மூதி, வண்டி நம்பரைச் சொல்லு." அன்று வேறு காரியமாக நான் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தேன். "ரோஜர் சார்" என்றார், வண்டி எண்ணைச் சொன்னார், பேனாவை எடுத்து நேரம் பார்த்து எழுதினார். அவர் போனபின் அந்த வரியை உற்றுப் பார்த்தேன். கை நடுங்கிய அடையாளம் எங்கேனும் இருக்கிறதா என்று தேடினேன். மற்ற வரிகளுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

மேலாளர் அந்த ஆண்டு ஒரு புதிய கட்டளை போட்டார். கீழே இருப்பவர்கள் இனி 'ரோஜர்' தவிர வேறு பேசி அலைவரிசையை அடைக்கக் கூடாது. காரணம் சொல்பவனுக்கும் கேள்வி கேட்பவனுக்கும் மெமோ. முதல் மாதம் பதினோரு மெமோ தட்டச்சு செய்தேன். இரண்டாவது மாதம் இரண்டு. மூன்றாவது மாதம் ஒன்றுமில்லை.

அப்போதுதான் எழுத்தர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். தானாக வந்தது அந்த ஒருமுறைதான். பழைய பக்கம் ஒன்றையும் புதிய பக்கம் ஒன்றையும் விரித்து வைத்தார்.

"இத பாருங்க சார். முந்தி பாதிப் பக்கம் அவங்க பேச்சு இருக்கும். டயர்ல காத்து இல்ல, இங்கன எண்ணெய் சிந்திக் கிடக்கு, பெட்டி சாஞ்சு நிக்கின்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. இப்பப் பாருங்க. வலதுபக்கம் பூரா ரோஜர்தான். டயர்ல காத்து எறங்காமலா சார் இருக்கு?"

நான் பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன். "ஒழுங்கு வந்திருக்கு, நல்லதுதானே" என்றேன்.

அவர் பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

அது நடந்தது பட்டப்பகலில். கண்டெய்னர் வண்டியில் பெட்டியை நான்கு மூலையிலும் பூட்டு பிடித்திருக்கும். அதை லாக்கு என்பார்கள். நான்கையும் திறந்தபிறகுதான் கிரேன் பெட்டியைத் தூக்க வேண்டும். ஒன்று பூட்டியிருந்தாலும் பெட்டியோடு வண்டியும் மேலே வரும். அன்று வந்த வண்டியின் டிரைவர் விளாத்திகுளம் பக்கத்துக்காரர். நான்கு லாக்கையும் திறந்துவிட்டுத்தான் ஏறி உட்கார்ந்தார். துருப்பிடித்த ஒன்று மறுபடி விழுந்து பிடித்துக்கொண்டது. அதை யார்டில் ஒருவர் கண்டார். பதிவேட்டின் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

"3.17. செக்கர், மேலாளருக்கு: பின்னால இடது லாக்கு தொறக்கல சார். நிறுத்தச் சொல்லுங்க.

3.17. மேலாளர், செக்கருக்கு: ஒன்னைய எவன்லே கேட்டான், மூதி? ரோஜர் சொல்லிட்டு வாயப் பொத்து.

3.18. செக்கர்: ரோஜர் சார்.

3.18. மேலாளர், கிரேன் இரண்டுக்கு: தூக்கு.

3.18. கிரேன் இரண்டு: ரோஜர் சார்.

3.19. (கூச்சல்)."

வண்டியின் பின்பக்கம் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே போயிற்று. லாக்கு முறிந்தது. வண்டி தரையில் மோதியதில் டிரைவர் இருக்கையோடு தூக்கியடிக்கப்பட்டார். உயிர் இருந்தது. முதுகெலும்பு போயிற்று.

மறுநாள் எழுத்தர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தக் கடைசி வரிய அடைப்புக்குறிக்குள்ள போட்டுட்டேன் சார். அது பேசியபடி இல்ல. அத எப்படி சார் எழுதுறது?" முதல் தடவையாகக் கண் கலங்கியிருந்தது. அதற்கு விதி இல்லை என்றேன்.

இரண்டு நாள் கழித்து மேலாளர் கட்டுப்பாட்டு அறைக்கே இறங்கி வந்தார். கையில் ஒரு புதிய பதிவேடு. என்னையும் அழைத்திருந்தார். நேரில் அல்லவா, ஆகவே மிக மென்மையாகப் பேசினார்.

"அம்மா, ஒங்க கையெழுத்து அழகு. இந்த மாசத்த மட்டும் இதுல புதுசா எழுதிக் குடுங்க. தேவையில்லாததெல்லாம் வேண்டாம். பழசுல தண்ணி கொட்டிருச்சுன்னு சார் சான்று குடுத்திருவாரு."

சார் என்பது நான். சேதமடைந்த பதிவேட்டை மாற்றுவதற்குப் படிவம் உண்டு. என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. அதை வடிவமைத்தவனும் நான்தான்.

"தண்ணி கொட்டலியே சார்" என்றார் அவர்.

"கொட்டுச்சுன்னு வைச்சுக்கிடுங்க."

"அப்போ லாக்கு தொறக்கலன்னு செக்கர் சொன்னது?"

"எல்லாம் படபடப்புல யாரு என்ன சொன்னா, யாருக்குத் தெரியும்? ஒங்களுக்கும் பிள்ளைகள் இருக்கு. ஒப்பந்தம் டிசம்பர்ல முடியுது, இல்லையா?"

அவர் புதிய பதிவேட்டை வாங்கினார். திறந்து முதல் பக்கத்தில் சிலுவை போட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். நேரத்தை எழுதி, எங்கள் கண்முன்னாலேயே, "மேலாளர், எழுத்தருக்கு: கொட்டுச்சுன்னு வைச்சுக்கிடுங்க" என்று எழுத ஆரம்பித்தார். மேலாளர் பதிவேட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். பழைய பதிவேட்டையும் பாதுகாப்பு கருதி எடுத்துச் சென்றார்.

நான் அந்தச் சான்றில் ஒப்பமிடவில்லை. மறுக்கவும் இல்லை. "விதிப்படி பார்க்கணும் சார்" என்றேன். எனக்கு ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது.

ஆனால் எழுத்தருக்கு உதவி செய்தேன். என்னால் முடிந்த உதவி, நடைமுறை. விபத்து நாளின் பக்கத்தை அவர் முன்னமே நகலெடுத்து வைத்திருந்தார். அதை இணைத்துத் தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதச் சொன்னேன். புகாருக்கு முப்பது நாளுக்குள் எழுத்துமூலம் பதில் தரப்பட வேண்டும் என்பது ஒன்பதாம் பகுதி, மூன்றாவது விதி. அவர் நேரடியாகத் தபாலில் அனுப்பப்போனார். தடுத்தேன். "நேரடியா அனுப்பினா தொடக்கத்திலேயே தள்ளுபடி பண்ணிருவாங்க. உரிய வழியாத்தான் அனுப்பணும்."

உரிய வழி என்றால், உடனடி மேலதிகாரியின் கையொப்பத்துடன். அதாவது மேலாளர்மீதான புகாரை மேலாளரிடம் கொடுத்து, அவர் கருத்துரையுடன் மேலே அனுப்ப வேண்டும். முப்பத்தைந்து வருஷம் நான் அப்படித்தான் எல்லாத் தபாலையும் அனுப்பியிருக்கிறேன். அன்றும் அது எனக்கு இயல்பாகவே தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அவர்கிட்டயேவா சார்?"

"விதி அதுதாம்மா."

அவருக்கு அந்தச் சொல்லின்மேல் நம்பிக்கை இருந்தது. கொடுத்தார். நவம்பர் பதினெட்டாம் தேதி. நானே தேதி முத்திரை குத்தினேன்.

விசாரணைக்குச் சென்னையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பதிவேடு மேலாளர் பூட்டிவைத்த அலமாரியில் இருந்தது. அவர்களுக்கு ஒரு பக்கச் சுருக்கம் கொடுக்கப்பட்டது. செக்கரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் ஒண்ணும் கவனிக்கல சார்" என்றார் அவர். பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார். வெளியே வந்து கட்டுப்பாட்டு அறை ஜன்னலைப் பார்க்காமல் நடந்தார். லாக்கைத் திறக்காதது டிரைவரின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. விளாத்திகுளத்துக்காரரின் பெயருக்கு நேரே அது எழுதப்பட்டது. பொறுப்பு முழுக்க அவருடையது என்பதால் மற்றவர்களுக்குப் பொறுப்பு எதுவும் இல்லாமல் போயிற்று.

டிசம்பரில் எழுத்தரின் பணித்திறன் மதிப்பீட்டுப் படிவம் என் மேசைக்கு வந்தது. 'துல்லியம்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியவன் நான். பத்துக்குப் பத்து போட்டேன். அது என் வீரம். 'வேகம்' என்ற கட்டம் மேலாளருடையது. இரண்டு போட்டு, "மற்ற யார்டுகளில் இரண்டு பக்கத்தில் முடியும் வேலைக்கு இவர் பதினெட்டுப் பக்கம் எழுதுகிறார்" என்று குறிப்பெழுதியிருந்தார். புதுப்பிக்க ஏழு வேண்டும். சராசரி ஆறு வந்தது. ஒப்பந்தம் முடிவுற்ற கடிதத்தை நான் தட்டச்சு செய்தேன்.

கடைசி நாள் மாலை பேனாவையும் ஸ்கேலையும் பையில் போட்டுக்கொண்டு என் அறைக்கு வந்தார். "முப்பது நாள் ஆயிருச்சு சார். பதில் வரலியே" என்றார். "வரும்" என்றேன். அவர் யாரையும் திட்டவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு திட்டுச் சொல்லும் நான் கேட்டதில்லை. மற்றவர்கள் சொன்னதை எழுதினார், அவ்வளவுதான்.

நானும் ஓய்வுபெற்றேன். மேலாளர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் விதிகளின் நடமாடும் கையேடு என்று புகழ்ந்தார். புகாரின் அலுவலகப் பிரதி ஒன்று, இணைத்த பதிவேட்டுப் பக்கத்துடன், என் காகிதங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது. டிரைவரின் மனைவி ஒருநாள் பேருந்து ஏறி என்னைத் தேடி வந்தார். ஏதாவது காகிதம் இருக்கிறதா அண்ணாச்சி, வக்கீல் கேட்கிறார் என்றார். அலுவலகப் பிரதியை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது பன்னிரண்டாம் பகுதி. இல்லை என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பினேன். அந்தக் காகிதம் அப்போது அவருக்குப் பின்னால் இருந்த பீரோவில்தான் இருந்தது.

பிறகு ஒரு பதிவுத் தபால் வந்தது. மூன்று வருஷமும் எட்டு மாதமும் கழித்து. எழுத்தரின் விலாசம் கம்பெனியிடம் இல்லாததால் புகாரில் தேதி முத்திரை குத்திய அதிகாரி என்ற முறையில் எனக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் இறால் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஆட்டோ பிடித்துப் போனேன். சாப்பாட்டு மணி அடித்துப் பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ரப்பர் பூட்ஸ், தலையில் வெள்ளைத் தொப்பி. அவர்தான் என்னை அடையாளம் கண்டார்.

"அண்ணாச்சி! நீங்க எங்க இங்கன?"

சார் போய் அண்ணாச்சி ஆகியிருந்தேன். கடிதத்தை நீட்டினேன். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சிரித்தார். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் இறால் உரித்த விரல்கள், வெளுத்து, சுருங்கி, நுனியெல்லாம் வெடித்திருந்தன. "பிடிச்சா நனைஞ்சிரும். நீங்களே வாசிங்க."

வாசித்தேன். "பார்வையில் கண்ட தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டது. இணைப்பாக வைக்கப்பட்டுள்ள பதிவேட்டுப் பக்கத்தில் அலுவலகக் கடிதப் போக்குவரத்துக்குப் பொருந்தாத சொற்கள் காணப்படுகின்றன. அவற்றை நீக்கி, உரிய வழியாக மீண்டும் சமர்ப்பிக்கும்படி தெரிவிக்கப்படுகிறது."

பக்கத்தில் நின்ற ஒரு பெண், "என்னளா, வேலைக்குக் கூப்பிட்டிருக்காவளா?" என்று கேட்டார். இவர் இல்லையென்று தலையசைத்தார்.

"அந்தச் சொல்லையெல்லாம் எடுத்துட்டா அந்தப் பக்கத்துல என்ன அண்ணாச்சி இருக்கும்?" என்றார். "ரோஜர் மட்டுந்தான் இருக்கும்."

பையில் அலுவலகப் பிரதி இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். கொடுத்தேன். எங்கிருந்து வந்தது, இத்தனை நாள் எங்கே இருந்தது என்று அவர் கேட்கவில்லை. ஈரக்கை படாமல் முழங்கையால் அணைத்துக்கொண்டார். நான்தான் கேட்டேன், இதற்கு என்ன பதில் எழுதலாம் என்று.

"பதிலு கெடக்கட்டும். வந்த தேதிய மேல போட்டியளா? வரவுத் தபால்ல பெற்ற நாள் போடணும்னு நீங்கதானே எழுதி வச்சிருக்கிய. என்னால பேனா பிடிக்க முடியாது, வெரல் மரத்துக் கெடக்கு. நீங்களே போடுங்க."

சுவரில் கடிதத்தை வைத்து எழுதினேன். ஜூலை 22. பேனாவை மூடப்போனேன்.

"வருஷத்தையும் போடுங்க அண்ணாச்சி. இல்லாட்டா அடுத்த வருஷமே வந்துட்டுன்னு நெனச்சிருவாங்க."

பெற்ற நாள்: ஜூலை 22, 2025.